ஒரு சிட்டிகை மயில்துத்தம்

மெத்தை விற்கிறவனுக்குத் தன் பெண்ணைக் கொடுத்தது தப்பு என்று சூப்பர்வைசர் கல்யாணம் ஆன நாளிலிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பகலெல்லாம் கடையில் நின்றுகொண்டு, வருகிறவர்களிடம் படுத்துப் பாருங்கள், ஒருக்களித்துப் பாருங்கள் என்று குழைந்து குழைந்து பேசிச் சம்பளம் வாங்குகிறான். அதுவும் ஒரு வேலையா? அடுத்தவரைத் தூங்க வைத்துப் பிழைக்கிறவனுக்குச் சுறுசுறுப்பு எங்கிருந்து வரும்?

சூப்பர்வைசர் பார்த்தது அந்த மாதிரி வழவழா கொழகொழா வேலை இல்லை. பொது நீச்சல் குளம். தண்ணீர், ஃபில்டர், மருந்து அறை, பிரஷ் போடுகிற ஆட்கள் எல்லாம் அவர் கையில். அவர் ஓய்வு பெறும் வரை அந்தக் குளத்தில் பச்சை தட்டியதே இல்லை. ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வழுக்கினாலும் ஆட்களை வரிசையாக நிற்க வைத்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பார். முதுகுக்குப் பின்னால் அவர்கள் அவருக்குக் 'குளோரின்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். கோபப்படுகிற மாதிரி காட்டிக்கொண்டாரே தவிர, உள்ளுக்குள் பெருமைதான்.

அந்தப் பெருமையை ஓய்வுக்குப் பிறகு மகன் வீட்டுக்கும் சுமந்துகொண்டு போனதுதான் வினை. மருமகள் தரை துடைத்தால் கதவில் சாய்ந்து நின்று, "அந்த மூலையை விட்டுட்டியேம்மா" என்பார். துணி காயப்போட்டால் கொடி சரிந்திருக்கிறது என்பார். ஒரு நாள் மகனுடைய மாமியார் விருந்தாளியாக வந்திருந்தார். பாவம், சும்மா இருக்க மனசில்லாமல் பாத்திரம் கழுவி வைத்தார். நம்ம ஆள் அதில் ஒரு தட்டை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பவும் தொட்டியிலேயே போட்டார். அன்றைக்கு மருமகள் பொங்கியதில் மேல் மாடிக்காரர்கள் இறங்கி வந்துவிட்டார்கள்.

மகன் கத்தவில்லை. கொஞ்ச நாள் கழித்து, பக்கத்துத் தெருவில் ஓர் அறை பார்த்திருப்பதாகச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். ஒற்றை ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்துச் சுவர். குளியலறை பொது. "உங்களுக்கும் நிம்மதியா இருக்கும்ப்பா" என்றான். சூப்பர்வைசர் குழாயைத் திருகிப் பார்த்து, வாஷர் போய்விட்டது என்று மட்டும் சொன்னார். உண்மையில் அவருக்குப் பயம் வந்திருந்தது. அந்த அறையில் ஒரே தட்டை வைத்துக்கொண்டு, எதிரே ஆள் இல்லாமல், யாரையும் குறை சொல்ல வழியில்லாமல் உட்கார்ந்து சாப்பிடுகிற காட்சி கண்ணுக்குள் வந்து போனது. இதையெல்லாம் வெளியே சொல்லிவிடுவாரா என்ன?

இரண்டு பைகளோடு மகள் வீட்டுக்கு வந்து இறங்கினார். மகள் பார்சல் கம்பெனி கிடங்கில் மேனேஜர். அப்பாவைப் போலவே குரல், அப்பாவைப் போலவே புருவம். "மாசக் கடைசி வரைக்கும் இருங்கப்பா. அப்புறம் பேசிக்கலாம்" என்றாள்.

அந்த 'அப்புறம்' என்ன ஆகும் என்பதில் சூப்பர்வைசருக்கு ஒரு கணக்கு இருந்தது. மகள் தன் ரத்தம், அவள் விட மாட்டாள். முட்டுக்கட்டை போடுகிறவன் யாராவது இருந்தால் அது இந்த மெத்தைக்காரன்தான். வெளியில் மாமா மாமா என்று சிரிப்பான், உள்ளே போய் மனைவி காதை ஊதுவான். பிள்ளைப்பூச்சி மாதிரி இருக்கிறவர்களைத்தான் நம்பக் கூடாது. ஆகவே மகளை முழுசாகத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டால் போதும், ஜெயித்த மாதிரி.

இந்தக் கணக்கோடு ஹாலுக்கு வந்தவர் கண்ணில் முதலில் பட்டது அந்தக் கண்ணாடித் தொட்டி.

மூன்றடி நீளம் இருக்கும். உள்ளே கறுப்பு மண் மேடும் பள்ளமுமாக. நடுவில் ஒரு வேர்க்கட்டை. சுற்றிலும் நட்டு வைத்த செடிகள், பாதிக்குப் பாதி அழுகி வழிந்துகொண்டிருந்தன. கண்ணாடி பூராவும் டீத்தூள் கரைத்துப் பூசின மாதிரி பழுப்பு. வேர்க்கட்டையில் பச்சையாக முடி முடியாய் ஏதோ தொங்கி ஆடியது. சூப்பர்வைசர் குனிந்து தேடினார். மீன் இல்லை.

"மாப்பிள்ளை, மீன் எங்க?"

"இன்னும் விடல மாமா. புதுத் தொட்டி. முதல்ல செடி வேர் பிடிக்கணும். அப்புறம்தான் மீன்."

"அப்போ இதுல என்னதான் இருக்கு?"

"நத்தை இருக்கு. குட்டி இறால் கொஞ்சம் இருக்கு. பாசியைத் தின்னும்."

மீன் இல்லாத மீன் தொட்டி. பாசியை அழிக்க நத்தையை வேலைக்கு வைத்திருக்கிறான். சூப்பர்வைசருக்குச் சிரிப்பு வந்தது. தன்னிடம் வேலை பார்த்த பிரஷ்காரர்களில் ஆக மந்தமானவனைக்கூட இந்த நத்தைக்கு மேலே தூக்கி வைக்கலாம் என்று நினைத்தார்.

"செடி ஏன் இப்படி அழுகுது?"

"கடையில தண்ணிக்கு வெளியில வளர்த்த செடி மாமா. தண்ணிக்குள்ள வந்ததும் பழைய இலையை உதிர்த்துட்டுப் புது இலை விடும். அது நிலைச்சு நிக்கிற வரைக்கும் தண்ணியில இருக்கிற சத்தெல்லாம் பாசிக்குத்தான் போகும். செடி பிடிச்சுடுச்சுன்னா பாசி தன்னால அடங்கிடும்."

"எப்போ அடங்கும்?"

"அடங்கும் மாமா" என்றார் மாப்பிள்ளை, வெகு நிம்மதியாக.

இந்தப் பதிலைத் தன் குளத்தில் எவனாவது சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சூப்பர்வைசர் யோசித்துப் பார்த்தார். சட்டைக் காலரைப் பிடித்து வாசல் வரை கொண்டு விட்டிருப்பார்.

அன்றிலிருந்து அவருக்கு வேடிக்கைக்குக் குறைவில்லை. மாப்பிள்ளை கடையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் தொட்டி முன்னால் மண்டி போட்டு உட்காருவார். ஒரு பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷை உள்ளே விட்டு, பச்சை முடியை அதில் சுற்றிச் சுற்றி எடுப்பார். அழுகின இலையை ஒவ்வொன்றாகக் கத்தரிப்பார். ஒரு வாளி பழைய தண்ணீரை உறிஞ்சி எடுத்து, ஒரு வாளி புதுத் தண்ணீரைத் தட்டு வைத்து அதன் மேல் மெதுவாக ஊற்றுவார், மண் கலங்கக் கூடாதாம். தொட்டி விளக்கு எரிகிற நேரத்தைக் குறைத்தார். ஜன்னல் வெயில் படுகிறது என்று பக்கவாட்டில் ஒரு துண்டைத் தொங்கவிட்டார். கைக்குழந்தைக்குக்கூட எந்த ஆம்பளையும் இத்தனை செய்து அவர் பார்த்ததில்லை. இத்தனைக்கும் அந்தத் தண்ணீர் என்னவோ அழுக்குத் துணி ஊறவைத்த மாதிரியேதான் இருந்தது.

மகளும் சும்மா இல்லை. வேலையிலிருந்து வந்து பையை வீசிவிட்டு ஆரம்பிப்பாள்.

"ஏங்க, இது என்ன வீடா, சாக்கடையா? ஹால்ல உக்காந்தா கண்ணுக்குக் குளிர்ச்சியா ஏதாவது இருக்கணும். இதைப் பார்த்தா குமட்டிக்கிட்டு வருது."

"இன்னும் கொஞ்ச நாள்" என்பார் மாப்பிள்ளை.

"நீங்களும் கொஞ்ச நாள், உங்க நத்தையும் கொஞ்ச நாள். தூக்கி வெளியில கொட்டுங்க."

சூப்பர்வைசருக்குக் காது குளிரும். அடி என் தங்கமே! நாலு ஆளை வேலை வாங்குகிறவள் பேசுகிற பேச்சு இது. இந்த வீட்டில் இந்தத் தொட்டியைச் சகிக்க முடியாதவர்கள் இரண்டு பேர், அவரும் அவர் மகளும். ஒரே கட்சி.

திட்டி முடித்த கையோடு அவள் நாற்காலியை இழுத்துத் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் மூக்கு உரச உட்காருவதும் நடந்தது. "எங்கே இந்தக் குண்டம்மா? காணோமே?" என்பாள். வயிற்றுக்கு அடியில் முட்டைகளை ஒட்டவைத்துக்கொண்டு திரிந்த ஒரு இறாலுக்கு அவள் வைத்த பெயர் அது. மாப்பிள்ளை வேர்க்கட்டைக்குப் பின்னால் விரலைக் காட்டுவார். "ஐயோ, பாருங்களேன், காலால முட்டைக்கு விசிறுது!" என்பாள். டீ ஆறிப்போகும்.

இதையும் சூப்பர்வைசர் பார்த்தார். கண்ணால் பார்த்தார், கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. தன் வாயிலிருந்து ஒரு குறை வந்தால் அது தீர்ப்பு. மகள் வாயிலிருந்து வந்தாலும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டார். பொழுதுபோகாமல் பிரியத்தோடு திட்டுகிற ஜாதி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதே அந்த மனுஷருக்குத் தெரியாது.

மாசம் சரிந்துகொண்டு வந்தது. மகள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. மகன் போன் பண்ணி, "அந்த அறையை விசாரிச்சு இன்னொருத்தர் வந்து போயிட்டாராம்ப்பா" என்றான். சூப்பர்வைசர் அன்றைக்கு மத்தியானம் ஹாலில் தனியாக உட்கார்ந்து தொட்டியை முறைத்தார். பச்சை முடி முன்னைவிட நீளமாகியிருந்தது. இதை மட்டும் துடைத்து எடுத்த மாதிரி ஆக்கிக் காட்டினால்? மகள் வந்து கதவைத் திறந்ததும், பளிச்சென்று தண்ணீர். யார் செய்தது? அப்பா செய்தது. இந்த வீட்டுக்கு அப்பா வேண்டும் என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? மெத்தைக்காரன் முகத்தில் ஈயாடாது. அது உபரி லாபம்.

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். இரண்டு தெரு தள்ளி, செடிக்கு மருந்து விற்கிற கடை இருந்தது. மயில்துத்தம் கேட்டார். கடைக்காரப் பெண், "எதுக்குங்க?" என்றாள்.

"பாசிக்கு."

"எங்க இருக்குற பாசிக்கு?"

"எங்க இருந்தா என்னம்மா, பாசி பாசிதானே" என்று அடக்கினார். தன் வாழ்நாள் வேலையைப் பற்றி ஒரு சின்னப் பெண் குறுக்கு விசாரணை செய்வதா?

வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தார். கண்ணாடிச் சில்லு மாதிரி நீலக் கல். பார்த்ததும் ஒரு தெம்பு வந்தது. குளத்தில் இதைப் பெரிய துணிப்பையில் கட்டித் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போவார்கள். மறுநாளே குழந்தைகள் குதிப்பார்கள், குட்டிக்கரணம் போடுவார்கள், குடிக்கவும் செய்வார்கள். ஒருத்தருக்கும் தும்மல்கூட வந்ததில்லை. அதற்கு முன்னால் இந்தத் தொட்டி எம்மாத்திரம்? ஒரு சிட்டிகை எடுத்தார். யோசித்துப் பாதியைத் திரும்பப் போட்டார். தான் ரொம்ப நிதானமான ஆள் என்று தன்னையே மெச்சிக்கொண்டு, டம்ளர் தண்ணீரில் கரைத்து, மாப்பிள்ளை செய்கிற மாதிரியே தட்டு வைத்து மெதுவாக ஊற்றினார். மண் கலங்கவில்லை. மெத்தைக்காரனுக்கு இதுவாவது செய்யத் தெரிந்திருக்கிறதே என்று நினைத்தார்.

குழந்தைக்கு ஆகிற தண்ணீர் இறாலுக்கு ஆகாது. மயில்துத்தம் செம்பு உப்பு. செம்பு கலந்த எதுவும், கண்ணுக்குத் தெரியாத அளவு போனாலும், இறாலுக்கும் நத்தைக்கும் விஷம். மீன் தொட்டி வைத்திருக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகூட இதைச் சொல்லும். ஆனால் குளத்தில் இறால் இருந்ததில்லையே. அங்கே உயிரோடு இருந்தது இரண்டுதான்: நீந்துகிறவர்களும் பாசியும்.

மிச்சப் பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், வெளியே போகும்போது எறிந்துவிடலாம் என்று. குளத்து மருந்து அறைச் சாவியை ஓய்வு பெறுகிற நாள் வரை இடுப்பிலிருந்து இறக்காத மனுஷர் அதோடு மறந்துபோனார். சாயங்காலம் சட்டையைக் கழற்றி அழுக்குக் கூடையில் போட்டார்.

அன்றைக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை. மாப்பிள்ளை எப்போதும் போலச் செடிக்கு உரத் தண்ணீர் ஒரு மூடி ஊற்றினார். இறால்கள் மட்டும் என்றைக்கும் இல்லாமல் அங்குமிங்கும் பாய்ந்துகொண்டிருந்தன. "இன்னைக்கு என்ன இதுங்களுக்குக் கொண்டாட்டம்?" என்றாள் மகள். சூப்பர்வைசர் பேப்பருக்குப் பின்னால் சிரித்துக்கொண்டார். நாளைக்குப் பாருங்கள்.

விடிந்ததும் மகளின் குரல்தான் அவரை எழுப்பியது. திட்டுகிற குரல் இல்லை. "ஏங்க! சீக்கிரம் வாங்க!"

அவர் ஹாலுக்கு வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். தொட்டிக்குள் இறால்கள் வெந்த மாதிரி வெளுத்துச் சிவந்து மண் மேல் கிடந்தன. நத்தைகள் கண்ணாடியிலிருந்து கழன்று கவிழ்ந்து கிடந்தன. வேர்க்கட்டைக்கு அடியில் குண்டம்மா ஒருக்களித்துக் கிடந்தது, முட்டைகளோடு. பாசி அப்படியே இருந்தது. பச்சை முடி தண்ணீரில் சாவகாசமாக ஆடியது.

"குண்டம்மாவும் போச்சுங்க" என்றாள் மகள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. கிடங்கில் நாற்பது ஆம்பளைகளைக் கண்ணில் விரலை விட்டு ஆட்டுகிறவள்.

சூப்பர்வைசருக்கு அப்போதுதான் உறைத்தது. இவள் என் கட்சி இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை.

மாப்பிள்ளை தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஃபில்டரைத் தொட்டுப் பார்த்தார். தண்ணீரைக் கையில் எடுத்து முகர்ந்தார். பிறகு திரும்பி, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"மாமா, நேத்து பகல்ல தொட்டியில ஏதாவது போட்டீங்களா?"

கேட்ட விதத்தில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால் பக்கத்தில் மகள் இருந்தாள், அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது, மகன் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒற்றை ஜன்னல் அறை காத்திருந்தது.

"நானா? நான் ஏன் அதுகிட்டப் போறேன்?" என்றார். அதோடு நிறுத்தவும் வாய் கேட்கவில்லை. "நீங்கதான் நேத்து சாயங்காலம் என்னமோ ஊத்தினீங்க. கண்டதை ஊத்தினா இப்படித்தான் ஆகும்."

மகள் சட்டென்று நிமிர்ந்தாள். "ஆமா, அந்த உரத்தை ஊத்தினீங்களே! அளந்து பார்த்து ஊத்தினீங்களா, இல்ல உங்க கடை நெனப்புல ஊத்தினீங்களா?"

"ஒரு மூடிதான்..."

"ஒரு மூடி! எதைச் செஞ்சாலும் இப்படித்தான். முட்டையோட இருந்துச்சுங்க அது. உங்களை நம்பி ஒரு பூச்சியைக்கூட விட முடியாதா?" இந்தத் தடவை அவள் நிஜமாகவே திட்டினாள். மாப்பிள்ளை மூடியையும் பாட்டிலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "அப்போ என் தப்புதான் போலிருக்கு" என்றார் கடைசியில்.

சூப்பர்வைசர் சோபாவில் உட்கார்ந்து டீ குடித்தார். உள்ளே படபடப்பு அடங்கியதும், வழக்கமான இளக்காரம் திரும்பி வந்தது. செய்யாத தப்புக்குத் தலையாட்டுகிறான் பார். சந்தேகப்படக்கூடத் துப்பில்லை. இப்படி ஒரு ஆளிடம் போய் நாம் பயந்தோமே!

இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளைக்குக் கடை விடுமுறை. விடுமுறையானால் அந்த வீட்டில் துணி துவைக்கிறது மாப்பிள்ளைதான். அதைப் பார்த்து முதல் வாரமே சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டாயிற்று. மகள் வேலைக்குப் போயிருந்தாள். பால்கனியிலிருந்து மாப்பிள்ளை கூப்பிட்டார்.

"மாமா, இங்க கொஞ்சம் வர்றீங்களா?"

போனார். துவைக்கிற மெஷின் மேல் அவருடைய வெள்ளைச் சட்டை விரித்துக் கிடந்தது. பையைச் சுற்றி நீலக் கறை. பக்கத்தில் ஈரம் பட்டுப் பிரிந்த பொட்டலம்.

"உங்க சட்டைப் பையில இருந்துச்சு."

"அது..." சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினார். "கால்ல ஒரு சேத்துப்புண் மாதிரி. அதுக்கு."

மாப்பிள்ளை அவர் காலைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் சூப்பர்வைசருக்குக் கோபம் வந்தது.

"ஆமா, போட்டேன்! இப்போ என்ன? ஒரு சிட்டிகை. என் குளத்துல மூட்டை மூட்டையா போட்டிருக்கேன், ஒரு குழந்தைக்குத் தலைவலி வந்ததில்ல. உங்க இறாலுக்கு மட்டும் என்ன ராஜ உடம்பா?"

"போட்டதுக்கு நான் ஒண்ணும் சொல்லல மாமா" என்றார் மாப்பிள்ளை. "பாசியைப் பார்த்துட்டு உங்களால சும்மா இருக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். மருந்து எதுவும் போட்டுடாதீங்கன்னு முன்னாடியே சொல்லியிருக்கணும், சொல்லல. ஆனா அன்னைக்கு நான் உங்களைக் கேட்டேன். அவ என்னை அவ்வளவு பேசினா. நீங்க பக்கத்துல உக்காந்து டீ குடிச்சீங்க."

"சரி, போய்ச் சொல்லுங்க உங்க பொண்டாட்டிகிட்ட!" சூப்பர்வைசர் குரலை உயர்த்தினார். "இதுக்குத்தானே காத்துக்கிட்டு இருந்தீங்க? நான் இங்க இருக்கிறது உங்களுக்குத் தொந்தரவு. என் பொண்ணு ஒருத்தி இருக்காளேன்னுதான் நான் இந்த வீட்டுல இருக்கேன்."

மாப்பிள்ளை சட்டையை எடுத்து மடித்தார். அவருக்குச் சொல்ல விருப்பமில்லை என்பது தெரிந்தது.

"மாமா, அவ அண்ணன் அந்த அறையைப் பத்திச் சொன்ன அன்னைக்கே அவ சரின்னுட்டா. அப்பா இங்க வந்தா எனக்கும் அப்பாவுக்கும் தினம் சண்டைதான் வரும், வேண்டாம்னு சொன்னா. நான்தான் ஒரு மாசம் வச்சுப் பார்க்கலாம்னு கேட்டேன். இப்போ வரைக்கும் நான்தான் அவகிட்டப் பேசிக்கிட்டு இருக்கேன்."

சூப்பர்வைசர் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கீழே தெருவில் யாரோ ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அது திரும்புகிற வரைக்கும் பார்த்தார்.

"எதுக்கு?" என்றார்.

"எனக்கு அப்பா கிடையாது. வீட்டுல பெரியவங்க ஒருத்தர் இருந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு." மாப்பிள்ளை ஈரப் பொட்டலத்தை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். "இதை நான் அவகிட்டச் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிடுங்க. சொன்னீங்கன்னா மறுபடியும் உங்களுக்காக நான் பேசறேன். சொல்லலைன்னா, இனிமே என்னால பேச முடியாது."

அவ்வளவுதான். சட்டையைக் கறை போக ஊறவைக்க எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்த இரண்டு மூன்று நாளும் சூப்பர்வைசர் பட்ட பாடு சொல்லி மாளாது. காலையில் மகள் செருப்பு மாட்டும்போது சொல்லிவிடலாம் என்று வாசல் வரை போவார். "செருப்பை இப்படியா வைக்கிறது" என்று சொல்லிவிட்டுத் திரும்புவார். இந்த வீட்டில் தன்னை வேண்டும் என்று சொன்ன ஒரே ஆள் மெத்தைக்காரன் என்பதுதான் அவருக்கு விழுங்க முடியாமல் இருந்தது. மகள் வேண்டாம் என்றதுகூட அதற்கப்புறம்தான் வலித்தது. வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் சிலருக்குத் தலை குனியும். இவருக்குப் புருவம் ஏறும்.

மாசக் கடைசி வந்தது. மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சமையல் அன்றைக்கு மாப்பிள்ளையுடையது. மகள்தான் பேச்சை எடுத்தாள்.

"அப்பா, அண்ணன் போன் பண்ணினான். விசாரிச்சுட்டுப் போனவர் வரலையாம். அந்த அறை இன்னும் காலியாத்தான் இருக்காம்."

சூப்பர்வைசரின் கை தட்டிலேயே நின்றது. மகள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, நீங்க ஒண்ணும் சொல்லலையா? எப்பவும் இந்தப் பேச்சை எடுத்தாலே குறுக்க வருவீங்க."

மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தார். பொறுமையாகப் பார்த்தார், நேரம் கொடுக்கிற மாதிரி. இப்போதாவது சொல்லுங்கள் என்று அந்தக் கண் கெஞ்சியது. சூப்பர்வைசருக்கு அது துல்லியமாகப் புரிந்தது. நான்தாம்மா போட்டேன், இவர் மேல தப்பு இல்ல. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால் இந்த மேஜை, எதிரே இரண்டு முகம், சாகிற வரைக்கும். அவருக்கு அது வேண்டும். உயிர் போகிற மாதிரி வேண்டும். வாயைத் திறந்தார். எதிரே மெத்தை விற்கிறவன் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தான், அவரிடமிருந்து ஒரு வார்த்தைக்காக.

"உப்பு கம்மி" என்றார் சூப்பர்வைசர்.

மாப்பிள்ளை உப்பு டப்பாவை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு மனைவியிடம், "அண்ணனை வண்டி எடுத்துக்கிட்டு வரச் சொல்லு" என்றார்.